வடிகட்டியில் நிற்காத உப்பு

தாஸின் அப்பா பூமிக்குக் கீழே போய்த் தங்கம் எடுத்தார். தாஸும் தினம் பூமிக்குக் கீழேதான் போகிறார். அங்கே என்ன எடுக்கிறாய் என்று தங்கவயல் மாரிகுப்பத்துச் சொந்தக்காரர்கள் கேட்டால் "தண்ணி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். அது பொய் இல்லை. முந்நூற்று இருபது வீட்டுக் கழிவறைகளிலிருந்து இறங்கி வருவதும் தண்ணீரில்தான் சேர்த்தி.

அந்த வீடுகள் இருப்பது பெங்களூரில் காடுகோடியைத் தாண்டி, ஹசிரு ஹைட்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில். ஹசிரு என்றால் கன்னடத்தில் பச்சை. கட்டும்போது அங்கே நின்ற பச்சையை எல்லாம் வெட்டியாயிற்று, பெயரிலாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்திருப்பார்கள். கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே, இரண்டாம் அடித்தளத்தில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் இருக்கிறது. எல்லாரும் எஸ்.டி.பி. என்பார்கள். அதற்கு ஜன்னல் கிடையாது. தொட்டிகளுக்குக் காற்று ஊதும் இயந்திரம் இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தாஸுக்கு அந்த உறுமல் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டதாக அவர் சொன்னார். நின்றது சத்தம் இல்லை, உங்க காது என்றார் மனைவி ஜோசபின்.

தாஸ் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, அப்பா ஓய்வுபெற்றதும் அந்த வேலை தனக்கு வரும் என்று காத்திருந்தார். அவருக்கு இருபத்து நாலு வயதானபோது சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் தீர்ந்துபோயிற்று என்றார்கள் சிலர். தங்கம் கிடக்கிறது, எடுத்தால் கட்டுபடியாகாது என்றார்கள் வேறு சிலர். எது உண்மையானாலும் வேலை இல்லை என்பது மட்டும் நிச்சயம். அதற்குப் பின் பதினாறு வருடம் விடிகாலை ரயிலில் நின்றபடியே பெங்களூருக்கு வந்து, வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் உழைத்துவிட்டு, நின்றபடியே திரும்பினார். அந்தக் கம்பெனியும் ஒருநாள் வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்டியது. அப்போதுதான் எஸ்.டி.பி. நடத்தும் காண்டிராக்டர் ஒருவர் ஃபிட்டர் வேண்டும் என்று கேட்டார். நாற்பது வயதில் தாஸ் கீழே இறங்கினார். எட்டு வருடம் ஆகிறது.

வீடும் பக்கத்திலேயே அமைந்தது. ஹசிரு ஹைட்ஸின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, அதில் பத்து வீடுகள். ஓனர் ஒருவரே. பத்து வீட்டுக்கும் சேர்த்து முந்நூற்று எண்பது அடியில் ஒரே ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. காலையில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடும். குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். சந்து அவ்வளவு குறுகல், டேங்கர் லாரி உள்ளே நுழையாது. மகள் பிரபா நர்சிங் படிக்கிறாள், கல்லூரி பஸ் சந்து முனையில் நிற்கும். ஜோசபின் தெருக்கோடி மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறார். இதை வாழ்க்கை என்று சொல்லலாம், குறையில்லை.

நடுவில் ஹசிரு ஹைட்ஸுக்கு இரண்டு வரங்கள் கிடைத்தன. அவைதான் தாஸின் கழுத்தில் வந்து விழுந்தன.

முதல் வரம், அவருடைய எஸ்.டி.பி.தான். ஊரெல்லாம் கழிவுநீரை மறுபடி பயன்படுத்தவேண்டும் என்ற பேச்சு வந்தபோது, சுத்தம் செய்த தண்ணீரைக் கழிவறைத் தொட்டிகளுக்கு ஏற்றினார்கள். நல்ல காரியம். தினம் எட்டு டேங்கர் வந்த இடத்தில் ஐந்து வந்தால் போதும் என்றாயிற்று. குடியிருப்போர் சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள். மிச்சமான தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்குக் கை வரும்? முன்வாசலில் புல்தரை போட்டார்கள். பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்று வைத்தார்கள். மறுசுழற்சித் தண்ணீர்தானே, காசா பணமா என்று காரையும் குழாய் பிடித்துக் கழுவினார்கள். கழிவறைக்கு மிஞ்சாமல் போய், இரண்டே வருடத்தில் டேங்கர் மறுபடி எட்டுக்கு வந்து நின்றது. லட்டைத் திருப்பித் தாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வரம் சூரியன். மொட்டைமாடி முழுக்கச் சோலார் தகடுகள் பதித்தார்கள். அதற்கு முன் மின்கட்டணத்துக்குப் பயந்து குடியிருப்பின் போர் மோட்டாரை நாலு மணி நேரம் மட்டும் ஓட்டுவார்கள். இப்போது கரண்ட் சும்மா வருகிறது. காலை எட்டுக்குப் போட்டால் மாலை ஐந்து வரை ஓடும். போடுகிறவர் தாஸ். வெயிலுக்குப் பில் வராது என்பது சரி. பூமிக்குள் இருப்பதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அவர் ஸ்விட்சைப் போடப்போட, அந்தப் பக்கம் அவருடைய வீட்டுக் குழாய் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு மணி நேரம் வந்த தண்ணீர் முக்கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. ஜோசபின் ஒருநாள் கேட்டே விட்டார்.

"அங்கே மோட்டாரப் போடறதும் நீங்க. இங்கே தண்ணி இல்லன்னு மொறைக்கிறதும் நீங்க. இன்னா கூத்து இது?"

வேலையை விடலாம் என்றால், மறுநாள் இன்னொருவர் வந்து அதே ஸ்விட்சைப் போடுவார். வீட்டை மாற்றலாம் என்றால், சுற்று வட்டாரத்தில் எந்தச் சந்துக்கும் ஒரு பின்சுவர் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு பச்சைப் பெயர் இருக்கிறது.

அந்த மார்ச் மாதம் வெயில் தலையைப் பிளந்தது. டேங்கர்காரர்கள் வரமாட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சங்கத் தலைவர் பத்ரிநாத் ஒருநாள் காலையில் தாஸைத் தேடிக்கொண்டு இரண்டாம் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், இங்கே வந்து முப்பது வருடம் சாஃப்ட்வேர் பார்த்தவர். மோசமான ஆள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவர் மோசமானவர் இல்லை. மூக்கைப் பொத்தாமல் அந்த அறைக்குள் வரும் ஒரே வீட்டுக்காரர் அவர்தான்.

"தாஸ், ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல ரெண்டு விஷயம் வருது. ஒண்ணு, உங்க ரீசைக்கிள் தண்ணியைப் பாத்ரூம் குழாய்க்கும் குடுக்கறது. இல்லைன்னா இன்னொரு போர். ஆயிரத்து நானூறு அடி."

"போரு எங்க சார்?"

"பின்சுவர் ஓரமா. தண்ணி பாயிண்ட் பாத்தாச்சு."

பின்சுவர் ஓரம் என்றால் சந்தின் போரிலிருந்து முப்பது அடி தள்ளி. முந்நூற்று எண்பது அடிக்காரனுக்குப் பக்கத்தில் ஆயிரத்து நானூறு அடிக்காரன் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள ஐ.டி.ஐ. படித்திருக்க வேண்டியதில்லை.

"எனக்குப் போர் பிடிக்கலை தாஸ். இருக்கறதைச் சுத்தி விட்டாலே போதும்னு நான் நம்பறேன். ஆனா ஜனங்க அருவருப்புப் படறாங்க. அதனால நீங்க ஒரு காரியம் செய்யணும். எல்லார் முன்னாடியும் ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டணும். உங்களைப் பாத்தா நம்புவாங்க. இது பாஸ் ஆயிடுச்சுன்னா போரை நானே வாபஸ் வாங்கிடறேன்."

அன்று வீட்டுக்கு வந்து ஜோசபினிடம் சொன்னார். தண்ணீரில் அழுக்கு இல்லை, நாற்றம் இல்லை, கிருமிக்கு மருந்து போட்டிருக்கிறது. ஆனால் உப்பு இருக்கிறது. எந்த வடிகட்டியிலும் அது நிற்பதில்லை. சோப்புத்தூளில் இருப்பது, சாப்பாட்டில் இருப்பது, மனித உடம்பிலிருந்து வருவது எல்லாம் கரைந்து வந்து, அப்படியே தங்கிவிடுகிறது. பேனா மாதிரி, உப்பை அளக்கும் ஒரு மீட்டரைத் தினம் தொட்டியில் முக்கிப் பார்ப்பார். எட்டு வருடத்துக்கு முன் அறுநூறு காட்டிய மீட்டர் இப்போது ஆயிரத்து நூறு காட்டுகிறது. கழிவறையில் ஊற்றுவதற்கு அது பரவாயில்லை. அதே தண்ணீரைக் குளிக்கவும் கொடுத்து, அதையே மறுபடி பிடித்துச் சுற்றிவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியாது. உப்பை எடுக்கும் இயந்திரமும் உண்டு. நாலு குடம் ஊற்றினால் இரண்டு குடத்தைக் கீழே கொட்டச் சொல்லும் இயந்திரம் அது.

"ஒரு டம்ளர் குடிச்சா செத்தா போயிடுவீங்க?" என்றார் ஜோசபின்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

"அப்போ குடிச்சிட்டு வாங்க. பத்து வூட்டுக்குப் புண்ணியம். வேற ஒண்ணும் பேசாதீங்க."

ஜோசபின் சொன்ன கடைசி வாக்கியத்தைத் தாஸ் மனத்தில் வாங்கிக்கொண்டிருக்கவேண்டும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, அது அவர் வீட்டில் சோற்றோடு சேர்ந்து வந்த பழக்கம். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்த குழுவில், பாறை உள்ளுக்குள் முறியும் சத்தத்தை யார் கேட்டாலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னவன் நேற்று வந்தவனா, குடித்திருக்கிறானா என்று மேஸ்திரி பார்க்கமாட்டார். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் நகர்வார்கள். ஆபத்தை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் போதும், மனிதர்கள் நகர்ந்துவிடுவார்கள் என்பது தாஸின் குடும்பத்தில் வேதம் மாதிரி. சுரங்கம் மூடி இருபத்து நாலு வருடம் ஆகியும் அந்த நம்பிக்கை மட்டும் அவருக்குள் மூடப்படாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் ஹவுஸில் கூட்டம். ஏ.சி. ஓடியது. தாஸ் ஜோசபின் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் போனார். மேடையில் கண்ணாடி ஜாடியில் அவருடைய தண்ணீர், பளபளவென்று. பத்ரிநாத் நன்றாகப் பேசினார். உலகத்தில் உள்ளதை எல்லாம் நாம் தோண்டித் தீர்த்துவிட்டோம், இனிமேல் தோண்டுவதை விட்டுவிட்டுத் திருப்பி எடுக்கவேண்டிய காலம் என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சொன்னார். தாஸை அழைத்தார். தாஸ் டம்ளரை வாங்கிக் குடித்தார். லேசாகக் கரித்தது. முகத்தில் காட்டாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கைதட்டல் அறையை நிறைத்தது. பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் படம் எடுத்தன. அத்தனை பேர் தன்னைப் பார்த்துக் கைதட்டியது தாஸின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அங்கேயே இறங்கி வந்திருக்கலாம்.

முன்வரிசையிலிருந்து சுப்ரியா எழுந்தார். பி பிளாக்கில் மூன்றாம் மாடி, மடியில் எட்டு மாதக் குழந்தை.

"அண்ணா, நான் வேற யாரையும் கேக்கலை. நீங்கதான் தினம் பாக்கறீங்க. இதுல என் பாப்பாவைக் குளிப்பாட்டலாமா?"

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துபோகும். போர் வராது. ஜோசபின் சந்தோஷப்படுவார். தாஸ் அந்தக் குழந்தையைப் பார்த்தார். அது வாயில் விரலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது.

"இன்னிக்கு ஒண்ணும் ஆவாது மேடம்," என்றார். "ஆனா இது சுத்திச் சுத்தி வர்ற தண்ணி. அழுக்கு போயிடும், உப்பு போவாது. ஒவ்வொரு சுத்துக்கும் ஏறிக்கினே இருக்கும். நல்ல தண்ணி கலந்தாதான் உடம்புக்கு ஆவும். இன்னொண்ணு சொல்றேன் சார், கோச்சுக்காதீங்க. சுத்தி விடறதாலே தண்ணி பெருகறதில்ல. இருக்கறதுதான் திரும்ப வருது, அதுவும் கொஞ்சம் கொறஞ்சுதான் வருது. செலவு கொறையணும். அந்த ஃபௌண்டனை நிறுத்துங்க. புல்லுக்கு ஊத்தறத நிறுத்துங்க. சோலார் மோட்டாரு பழையபடி நாலு மணி நேரம் போதும். கீழ தண்ணி எறங்கிக்கினே போவுது. நான் தினம் பாக்கறேன்."

சொல்லி முடித்ததும் மார்பு லேசானது. இப்போது எல்லாரும் நகர்வார்கள் என்று தாஸ் மனப்பூர்வமாக நம்பினார்.

பின்வரிசையில் ஒருவர், "ஃபௌண்டன் ரீசைக்கிள் வாட்டர்ல தானே ஓடுது? அதுல என்ன வேஸ்ட்?" என்றார். இன்னொருவர், சோலார் போட்டதே நாள் முழுக்க ஓட்டத்தானே என்றார். பத்ரிநாத் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, யோசனைதான் இருந்தது. கணக்குப் போடுகிறவர் முகம் அது.

"தேங்க்யூ தாஸ். எந்த கன்சல்டன்ட்டும் இவ்வளவு தெளிவாச் சொன்னதில்லை," என்றார். "பாருங்க, ரீசைக்கிளிங் நல்லா நடக்கணும்னா கலக்கறதுக்கு ஃப்ரெஷ் வாட்டர் வேணும். டேங்கரை நம்ப முடியாது. அப்போ ரெண்டும் வேணும். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு இல்லை, ரெண்டும்."

கைகள் உயர்ந்தன. சுப்ரியா மட்டும் தூக்கவில்லை. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

கூட்டம் கலைந்ததும் தாஸ் கதவருகே பத்ரிநாத்தை மறித்தார். "சார், போரு வேணான்னு சொன்னீங்களே சார்."

பத்ரிநாத் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நீங்கதானே தாஸ் சொன்னீங்க, நல்ல தண்ணி கலக்கணும்னு?"

"சார், பின்னாடி பத்து வூடு இருக்குது சார். எங்க போரு காலி ஆயிடும்."

"அது ரொம்ப ஷாலோ போர். எப்படியும் போயிருக்கும் தாஸ். கவலைப்படாதீங்க, ஏதாவது செய்வோம்." தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பொய் சொல்லியிருந்தால் சந்து பிழைத்திருக்கும். உண்மையைச் சொன்னார், அதையே கடப்பாரையாக்கிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜோசபின் நடந்ததைக் கேட்டுக்கொண்டே மாவைப் பிசைந்தார்.

"உங்களக் குடிக்கத்தானே சொன்னாங்க? பேசச் சொன்னாங்களா?"

"கொழந்தைய வெச்சிக்கினு கேட்டாங்க ஜோசி."

"நம்ம சந்துல கொழந்த இல்லியா?"

இரண்டு வீடு தள்ளி யாமினியின் இரட்டைக் குழந்தைகள் கத்துவது சுவர் வழியாகக் கேட்டது.

மூன்று வாரத்தில் போர் வண்டி வந்தது. துளை போடும் முன் பூஜை. பத்ரிநாத் தேங்காயைத் தாஸ் கையில் கொடுத்து, "நீங்கதான் தினம் ஓட்டப்போறீங்க, நீங்களே உடைங்க" என்றார். மரியாதைக்காகத்தான் அப்படிச் சொன்னார். தாஸ் கிறிஸ்தவர் என்பது அவர் நினைவில் இல்லை. அதைவிட, தேங்காய் உடைக்கும் அந்தக் கல் எங்கே இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதும் நினைவில் இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தாஸுக்கு வாய் வந்தது. போன தடவை வாய் வந்து என்ன ஆனது என்பதும் கூடவே வந்தது. உடைத்தார். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்றார்கள்.

ஒன்றரை நாள் பூமி அதிர்ந்தது. சாம்பல் நிறச் சேறு சுவருக்கு அடியில் கசிந்து சந்துக்குள் வந்தது. யாமினி வாசலில் நின்று, "இன்னாணா, எங்க வூட்டுக்கு அடியிலயே தோண்டறாங்களா?" என்று கேட்டாள். ஆயிரத்து நூற்று அறுபதாவது அடியில் தண்ணீர் பீறிட்டது. மேலே நின்றவர்கள் விசில் அடித்தார்கள். தாஸும் நனைந்தார்.

சந்தின் போர் இருபத்து மூன்று நாள் தாங்கியது. முதலில் கலங்கலாக வந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது, பிறகு குழாய் இருமியது. ஓனர் ஆள் கூட்டி வந்து மோட்டாரை இன்னும் கீழே இறக்கிப் பார்த்துவிட்டு, அடியில் கல்தான் இருக்கிறது என்று சொல்லி மேலே எடுத்துக்கொண்டு போனார். கேன் தண்ணீர்க் கடையில் வீட்டுக்கு ஒரு கேன், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார்கள். மூன்று குடும்பங்கள் காலி செய்துகொண்டு போயின. எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். தாஸும் இரண்டு ஞாயிறுகள் வீடு தேடி அலைந்தார். தண்ணீர் வரும் வீடுகளின் வாடகையைக் கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்.

காண்டிராக்டரிடம் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். "உங்களை விடமாட்டாங்க தாஸ், உங்க பேர்லதான் அந்த பிளான்ட்டே ஓடுது" என்று அவர் சிரித்தார். பாராட்டு என்றுதான் நினைத்துச் சொன்னார். தாஸ் அன்று பகல் முழுக்கத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. அந்த உறுமலுக்கு நடுவில் அழுதால் தனக்கே கேட்காது என்பதால் கொஞ்சம் சத்தமாகவே அழுதார்.

சங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஏதாவது செய்வோம் என்று பத்ரிநாத் சொன்னாரே, செய்தார். பின்சுவரில் ஓட்டை போட்டு, சந்துப் பக்கம் ஒரு குழாய் வைத்துக் கொடுத்தார். காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை இலவசம். வருவது மறுசுழற்சித் தண்ணீர். ஹசிரு ஹைட்ஸ் வீடுகளுக்குப் போவதில் புதுப் போரின் தண்ணீர் பாதி கலந்திருக்கும். இந்தக் குழாய்க்குக் கலப்பில்லை. கலக்கும் தொட்டி வரை பைப் இழுக்க வழியில்லை என்றார்கள். குழாய்க்கு மேலே பிளெக்ஸ் தட்டி ஒன்று. அதில் வெள்ளைச் சட்டை போட்ட தாஸ் தலையைச் சாய்த்து டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் காலை ஏழு வீட்டுக் குடங்களும் வரிசையில் நின்றன. தாஸ் வேலைக்குப் போகிற வழியில் அந்த இடத்தில் நின்றுவிட்டார். தட்டியை அண்ணாந்து பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

"இதக் குடிக்காதீங்க," என்றார். "பாத்திரம் கழுவிக்கோங்க, துணி தொவச்சிக்கோங்க. குடிக்கறதுக்கு வேணாம். கொழந்தைங்களுக்கு வேணவே வேணாம்."

யாமினி குடத்தைக் கீழே வைத்தாள். தட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீ குடிக்கிறியேணா."

"அது அன்னிக்கு ஒரு டம்ளரும்மா. அது வேற."

"பெரிய வூட்டுக்காரங்களுக்குக் குடிச்சுக் காட்டுவ. எங்களுக்கு மட்டும் வேணான்றியா? இதையும் புடுங்கிக்கப் போறாங்களா, அதுக்குத்தான் இப்பிடிச் சொல்லச் சொன்னாங்களா?"

"சத்தியமா இல்லம்மா. உப்பு ஜாஸ்தி. ஒடம்புக்கு ஆவாது."

"அப்போ எதைத்தான் குடிக்கறது? அதச் சொல்லுணா, கேக்கறேன்."

யாரும் நகரவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா, நேரமாவுது, தள்ளிக்கோப்பா என்றார். குடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. யாமினி தன் முறை வந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு போனாள்.

கடைசியில் ஜோசபின் நின்றார். வரிசை முழுக்க நடந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றவர், குடத்தைக் குழாயடியில் வைத்தார்.

"ஜோசி, உனக்குமா?"

"நேத்து வாங்கின கேனு நேத்தே முடிஞ்சிடிச்சு. பிரபா வெறும் வயித்தோட காலேஜ் போயிருக்கா." குடம் பாதி நிறைந்ததும் கேட்டார். "கொதிக்க வெச்சா போயிடுமா?"

"உப்பு போவாது. கொதிச்சா இன்னும் ஏறும்."

ஜோசபின் குடம் தளும்பும் வரை பிடித்தார்.

"சரி. கேஸாவது மிச்சம்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். எட்டு மணிக்குக் குழாய் தானாக நின்றது. எட்டு மணிக்குத்தான் புதுப் போரின் மோட்டாரையும் போடவேண்டும். தாஸ் முன்வாசலுக்குச் சுற்றிப் போய், இரண்டு தளம் இறங்கி, போட்டார்.